வி. என்று மட்டும் எழுதாதே

வாய்க்கால்பட்டி, கம்பம் வழி
7 மார்ச் 2025

ஷெரினுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனா போனது. ஆனால் உன் நலத்தை அறிய இப்போது எனக்கு ஆவல் எதுவும் இல்லை. உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், கடைசியில் நானே உன்னைச் சமாதானம் செய்ய வேண்டிவரும். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது.

உன் கல்லூரி ஆண்டுமலர் ஊருக்கு வந்துவிட்டது. சபைக் குருவானவர் என்று இம்மானுவேல் ஐயாவுக்குத் தபாலில் வந்ததை அவர் செல்லப்பாண்டி அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். அண்ணன்தான் சேகரக் கமிட்டிச் செயலாளர் ஆயிற்றே, ஜெராக்ஸ் எடுத்துக் கமிட்டி முழுக்கக் கொடுத்துவிட்டார். 'கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கை.' எழுதியவர் ஷெரின், பி.டி. இறையியல் இறுதியாண்டு. அதில் வருகிறவள் 'வி.' என்கிற ஒரு பெண். வாய்க்கால் ஓரத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறாள். புருஷன் கேரளா எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறான். சபைக்குத் திருவிருந்து ரசம் அவள்தான் பிழிந்து தருகிறாள். இதற்குமேல் என் ஆதார் நம்பர் ஒன்றுதான் பாக்கி. வி. என்று போட்டால் என்னை மறைத்துவிட்டதாக உனக்கு நினைப்பு.

கிறிஸ்துமஸ் லீவில் நீ வந்தபோது பந்தலுக்கு அடியில் பழம் அறுத்துக்கொண்டே பேசினோமே, அந்தப் பேச்சு அத்தனையும் அச்சில் இருக்கிறது. 'நாள் பாத்துப் பிழிவீகளா மதினி?' என்று கேட்டாய். 'நான் என்னைக்குப் பாத்தேன், பழம் பழுத்த அன்னைக்குப் பிழியிறேன், மூணு நாளுல இருந்தாலும் பிழியிறேன்' என்றேன். அதை நாத்தனாரிடம் சொன்னேன். கல்லூரியிடம் சொல்லவில்லை.

சாம்பற்புதன் ஆராதனை முடிந்த கையோடு கமிட்டி கூடியது. தீட்டோடு பிழிந்த ரசத்தை இத்தனை வருஷம் சபைக்குக் கொடுத்திருக்கிறாளே என்று ஒரே கூச்சலாம். பெரிய வியாழன் திருவிருந்துக்கு ரசம் செல்லப்பாண்டி அண்ணன் வீட்டில் ஆண்களே பிழிவார்களாம். நான் அன்றைக்குச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். கேட்காவிட்டால் எனக்குத் திருவிருந்து கிடையாது. இதைச் சொல்ல ஐயாவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"ஒரு வார்த்தைதாம்மா. சபையில சமாதானம் இருக்கணும்ல."

நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கப்போவதில்லை. அது வேறு. ஆனால் இதைச் சபையில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தால் என் வாயால் நானே சொல்லியிருப்பேன். பாடம் உனக்கு, பரீட்சை எனக்கா?

விஜி


மதுரை
11 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. அழவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பெண்ணியப் பார்வையில் இறையியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரமாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். பையன்கள் அதை 'லேடீஸ் பேப்பர்' என்பார்கள். பாதிப் பேர் வரவே மாட்டார்கள். ஒரு நாள் மேடம், "உங்கள் சபையில் திருவிருந்து ரசத்தை யார் பிழிகிறார்கள்?" என்று கேட்டார்கள். ரசம் என்னவாக மாறுகிறது, மாறுகிறதா இல்லையா என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவர்கள் அத்தனை பேரும் முழித்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. உங்கள் கை தெரியும், ரசம் ஊறப்போடுகிற உங்கள் பீங்கான் பரணி தெரியும், பழத்தை எறும்பு மொய்க்காமல் இருக்க நீங்கள் தண்ணீர்த் தட்டில் பரணியை வைப்பது தெரியும். எழுந்து சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த மிதப்பில்தான் எழுதினேன்.

இரத்தம் என்று சொல்லிக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள், ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் வருகிற இரத்தத்தைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அந்த வரியை இன்றைக்கும் மாற்ற மாட்டேன். உங்களிடம் கேட்டிருந்தால் எழுது என்றா சொல்லியிருப்பீர்கள்? கேட்டுக் கேட்டு எழுதினால் எந்தப் பெண்ணைப் பற்றியும் யாரும் எழுத முடியாது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் குருப்பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் அல்லவா, அதற்கு நம் சேகரக் கமிட்டியின் சிபாரிசு ஏப்ரல் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். ஐயா போன் செய்தார். கட்டுரையில் இருப்பது கற்பனை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவாராம். "உங்க மதினிக்கும் நல்லது, உனக்கும் நல்லதும்மா" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் மன்னிப்புக் கேட்காதீர்கள். பெரிய வியாழனுக்கு நானே வந்து பேசுகிறேன். பன்னிரண்டு வருஷம் உதிரப்பெருக்கோடு இருந்தவள் கூட்டத்துக்குள் புகுந்து ஆண்டவருடைய ஆடையைத் தொட்டாளே, அவர் அவளைத் தள்ளிவிட்டாரா? அந்த ஒரு கதையை வைத்தே செல்லப்பாண்டி அண்ணனை வாயடைக்க வைக்கிறேன்.

ஷெரின்


வாய்க்கால்பட்டி
18 மார்ச் 2025

ஷெரினுக்கு,

உன் கடிதத்தில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். இல்லை.

நீ வராதே. அந்தக் கதையையும் எடுத்துக்கொண்டு வராதே. அவள் நோயாளி. சுகமாக வேண்டும் என்று போனாள், சுகமானாள். நான் நோயாளி இல்லை ஷெரின். எனக்குச் சுகமாக வேண்டியது ஒன்றும் இல்லை. இவ்வளவு படித்த உனக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லையே என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் ஏன் ஞானஸ்நானம் வாங்கினேன் என்று நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? எல்லாரும் உன் அண்ணனுக்காக என்றுதான் நினைக்கிறீர்கள். ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டில் மூன்று நாளும் மாட்டுத்தொழுவத்தை ஒட்டின சாய்ப்பில்தான் படுக்கை. தட்டு தனி, தம்ளர் தனி. பிளஸ் டூ பரீட்சைக்குக்கூட அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். கல்யாணம் பேச உங்கள் அம்மா வந்தது அந்த மூன்று நாளில் ஒன்று, நான் தள்ளி நின்றேன். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். "எங்க கோயில்ல தீட்டுன்னு ஒண்ணு கெடையாது தாயி" என்றார்கள். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நான் தலையில் தண்ணீர் வாங்கினேன். நீங்கள் பிறந்ததிலிருந்து கேட்கிற நற்செய்தி வேறாக இருக்கலாம். எனக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி அதுதான். அதைத்தான் இப்போது கமிட்டி கூடித் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. அதனால் மன்னிப்புக் கேட்பதாவது, ஒன்றாவது. நீ சொல்லி நான் கேட்காமல் இருக்கப்போவதாக மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

ஊர்ச் செய்தி கேள். செல்லப்பாண்டி அண்ணன் வீட்டில் பிழிவு நடந்து முடிந்தது. பரணியை என் வீட்டிலிருந்து நான்கு பேர் வந்து, பிணத்தைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெந்நீர் ஊற்றி மூன்று தடவை கழுவினார்களாம். ஆண்கள் எல்லாரும் கையுறை மாட்டிக்கொண்டு பிழிந்தார்களாம். வழக்கமாக எத்தனை பேருக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று நான்தான் பீடத்துக்குப் பின்னால் வெஸ்ட்ரி அறையில் அளந்து வைப்பேன். ஐயா ஆசீர்வதித்தபிறகு ஒரு சொட்டைக்கூடத் திரும்ப பாட்டிலில் ஊற்ற முடியாது, கீழேயும் கொட்டக் கூடாது, மீந்ததைப் பீடத்திலேயே குடித்து முடிக்க வேண்டும் அல்லவா, அதனால் நான் எப்போதும் ஒரு மடக்குக் குறைவாகத்தான் ஊற்றுவேன். இந்தத் தடவை அளப்பதும் அவர்கள்தான். பெரிய கிண்ணம் இரண்டு, விளிம்புவரை ஊற்றுவோம், நம்ம வீட்டு ரசம் என்று செல்லப்பாண்டி அண்ணன் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் அண்ணன் வாயைத் திறப்பதில்லை. வருகிறார், சாப்பிடுகிறார், விடியற்காலை குமுளிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். உங்கள் குடும்பத்தில் பேசுகிறவள் நீ ஒருத்தி, அதுவும் என் பேச்சு.

விஜி


மதுரை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள மதினி,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். ஐயாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

'கட்டுரையில் வரும் பெண்ணும் அவள் கூறுவதும் என் கற்பனை.' அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அதைப் பெரிய வியாழன் அன்று ஐயா சபையில் வாசிப்பார். வாசித்ததும் விஷயம் முடிந்தது. நீங்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை, மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, எல்லாரோடும் போய்த் திருவிருந்து எடுக்கலாம். பரணியும் வீட்டுக்கு வந்துவிடும். இதை எல்லாம் ஐயாவிடம் வாக்காக வாங்கிக்கொண்டுதான் எழுதினேன்.

ஆமாம், எனக்கும் சிபாரிசு வரும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஆனால் அதற்காக மட்டும் செய்யவில்லை. சபை முழுக்க எழுந்து போகும்போது நீங்கள் மட்டும் பாயில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் போல நினைத்துப் பார்த்தேன். ஜெயமங்கலத்துச் சாய்ப்பைப் பற்றி நீங்கள் எழுதினபிறகு அது எனக்கு இன்னும் தாங்கவில்லை. உங்களை மறுபடியும் சாய்ப்பில் உட்கார வைக்க நான் காரணமாக இருக்க மாட்டேன்.

குருப்பட்டம் வாங்கினபிறகு கிண்ணத்தை நானே என் கையால் எடுத்துக் கொடுப்பேன் மதினி. அன்றைக்கு இந்த ஒரு வரி பெரிதாகத் தெரியாது.

இப்போதாவது பிளாக்கை எடுங்கள்.

ஷெரின்


வாய்க்கால்பட்டி
5 ஏப்ரல் 2025

ஷெரின்,

முதலில் என்னைக் கேட்காமல் எழுதினாய். இப்போது என்னைக் கேட்காமல் அழித்துவிட்டாய்.

எழுதினதையாவது ஒரு நாள் மன்னித்திருப்பேன். ஊரெல்லாம் என்னை ஏசினாலும் அதில் இருந்தவள் நான்தான். இப்போது அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். பன்னிரண்டு வருஷமாக நான் செய்தது ஒன்று உண்டு. யாருக்கும் தெரியாமல், யாரிடமும் கேட்காமல், சரி என்று எனக்குப் பட்டதால் செய்தேன். உங்கள் மேடத்திடம் படித்துவிட்டுச் செய்யவில்லை. அது உனக்குக் கற்பனையா?

செல்லப்பாண்டி அண்ணன் என்னை அசுத்தம் என்றுதான் சொன்னார். நான் பொய் என்று அவர் சொல்லவில்லை.

பிளாக்கை எடுக்க மாட்டேன்.

விஜி


மதுரை
10 ஏப்ரல் 2025

மதினி,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். உங்கள்மேல்தான். இரண்டு பக்கமும் இழுத்தால் நான் என்னதான் செய்வது என்று. மறுநாள் அந்தக் கோபம் என்னிடமே திரும்பிவிட்டது. 'அது உனக்குக் கற்பனையா' என்று கேட்டிருந்தீர்களே, அதற்குப் பிறகு வகுப்பில் நான் வாயைத் திறக்கவில்லை. பெண்களின் குரல், பெண்களின் குரல் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அதைப் பார்த்தாலே எனக்குக் கூசுகிறது.

ஐயாவுக்குப் போன் செய்து, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "கமிட்டியில வச்சாச்சும்மா, இனி என் கையில இல்ல. சிபாரிசுலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். வியாழக்கிழமை இது நல்லபடியா முடிஞ்சா, பண்டிகை கழிச்சு அனுப்பிடுறேன்" என்றார். அது நல்லபடியாக முடியவில்லை என்றால் அனுப்ப மாட்டார் என்று அர்த்தம். அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வரவில்லை. வந்தால் உங்களுக்கு முன்னால் எழுந்து நான் பேசிவிடுவேன், என் வாய் எனக்குத் தெரியும். பேசுவதும் பேசாமல் இருப்பதும் உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஷெரினின் பட்டம் போய்விடுமே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து விடாதீர்கள். அப்படி வருகிற பட்டம் எனக்கு வேண்டாம். போட்டுக்கொள்கிற அங்கி உடம்பில் ஒட்டாது.

மன்னிப்பு எங்கே என்று அன்றைக்குத் தேடினீர்களே. இதோ, இங்கே இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் மதினி. இரண்டுக்கும்.

ஷெரின்


வாய்க்கால்பட்டி
18 ஏப்ரல் 2025, பெரிய வெள்ளி

ஷெரினுக்கு,

மூன்று மணி ஆராதனைக்குப் போக வேண்டும். அதற்குள் எழுதி முடிக்கிறேன். வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்கு முன்னால் என் வாயால் சொல்ல வேண்டும்.

நேற்றுக் கோயில் நிறைந்திருந்தது. என்ன நடக்கும் என்று பார்க்கவே பாதிக் கூட்டம். ஆண்கள் பக்கம் நாற்காலி, பெண்கள் பக்கம் பாய், எல்லாம் வழக்கம்போல. பீடத்தில் வெள்ளைத் துணி, அதன்மேல் பெரிய கிண்ணம் இரண்டு. சொன்னபடியே விளிம்புவரை ஊற்றியிருந்தார் செல்லப்பாண்டி அண்ணன். ஐயா பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு உன் காகிதத்தைப் பிரித்தார். பாவம், எவ்வளவு நிம்மதி அவர் முகத்தில். "நம்ம சபையில வந்த ஒரு மனவருத்தம் ஆண்டவர் கிருபையால தீந்துச்சு" என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தேன். உன்னை நினைத்தேன். பொய் சொல்வானேன். நீ சின்னப் பிள்ளையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஐயா மாதிரி ஆசீர்வாதம் சொல்லி விளையாடுவாயாமே, உன் அண்ணன் சொல்லியிருக்கிறார், அதுவும் நினைவுக்கு வந்தது. பிறகு, அப்படி வருகிற பட்டம் வேண்டாம் என்று நீ எழுதினது நினைவுக்கு வந்தது. எழுந்துவிட்டேன்.

"ஐயா, அது கற்பனை இல்ல. ஷெரின் மொதல்ல எழுதுனதுதான் நெசம். இப்ப நீங்க வாசிச்சீகளே, இதுதான் பொய். அந்தப் பொம்பள நாந்தான். நாள் பாக்காமத்தான் பிழிஞ்சேன். இனியும் பாக்க மாட்டேன். மன்னிப்புக் கேக்க எனக்கு இதுல ஒண்ணும் இல்ல."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

செல்லப்பாண்டி அண்ணன் எழுந்துவிட்டார். "ஆராதனைக்கு நடுவுல பொம்பள எந்திரிச்சுப் பேசுறது எந்த ஊரு வழக்கம்? கேக்க ஆளு இல்லயா?" என்றார்.

அதற்குப் பதில் என் பின்னால் இருந்து வந்தது. சோணையம்மாள். எனக்கு முன்னால் சபைக்கு ரசம் பிழிந்தவர்கள், என் கையில் பரணியைக் கொடுத்தவர்கள். எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பேசினார்கள்.

"ஏலே செல்லப்பாண்டி, உக்காரு. ஒனக்குத் திடப்படுத்தல் ஆன அன்னைக்கு மொதமொதல்ல கிண்ணத்துல குடிச்சயே, அது எங்கையால பிழிஞ்சது. அப்ப எனக்கு என்ன வயசுன்னு நெனச்சுப் பாரு. நானும் நாள் பாக்கல."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "என்ன ஆத்தா சொல்றீக? விஜிகிட்டப் பரணியக் குடுக்கும்போது, நாள் பாத்துப் போடு தாயின்னு எங்க முன்னாடிதான சொன்னீக?"

"நீங்க நின்னீக, சொன்னேன். நிக்கிறவுகளுக்குச் சொல்றது ஒண்ணு. பழுத்த பழத்துக்குச் செய்யிறது ஒண்ணு."

எனக்கே தெரியாது ஷெரின். என்னிடம்கூட அவர்கள் சொன்னதில்லை. நான் ஒருத்திதான் துணிந்து செய்கிறேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஐயா உன் காகிதத்தை மடித்து வைத்தார். "விஜியம்மா இந்த ஒரு தடவ மட்டும் வராம இருந்துக்கிடுங்க, மத்தத அப்பறம் பேசிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு, அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்தார். ஆண்கள் போய் முழங்கால் போட்டார்கள், வந்தார்கள். உன் அண்ணன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன்.

பிறகு, "சகோதரிகள் வரலாம்" என்றார் ஐயா.

யாரும் எழுந்திருக்கவில்லை.

யாரும் யாரிடமும் பேசி வைக்கவில்லை. பெண்கள் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை நடக்கவில்லை. என்னோடு எப்போதும் முறைத்துக்கொண்டு திரியும் அக்கம்மாள்கூட அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐயா பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னார். ஆண்கள் பாடினார்கள். மறுபடியும் கூப்பிட்டார். பாயில் ஒரு புடவைகூட அசையவில்லை.

அப்புறம்தான் அவர் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் கிண்ணத்தைப் பார்த்தோம். ஒரு கிண்ணத்தில் பாதி, இன்னொன்றில் விளிம்புவரை. ஆசீர்வதித்தாகிவிட்டது. திரும்ப ஊற்ற முடியாது, கொட்டவும் முடியாது.

குடித்தார். வேறு என்ன செய்வார்? நாற்பது நாள் ஒருபொழுது இருந்த வயிறு அது. ஒரு மடக்குக் குடிப்பார், எங்களைப் பார்ப்பார். நாங்கள் அவரைப் பார்ப்போம். பாதிக் கிண்ணம் முடிந்ததும் கமிட்டிக்காரர்களைத் துணைக்குக் கூப்பிட்டார். செல்லப்பாண்டி அண்ணன், "எனக்குச் சுகர் இருக்கு ஐயா" என்றார். "வாங்கண்ணே" என்று ஐயா போட்ட சத்தத்தில் எழுந்து போனார். இரண்டு பேருமாக, பெண்களுக்கு என்று ஊற்றின அத்தனையையும் குடித்துத் தீர்த்தார்கள். வெஸ்ட்ரிக்குப் போகும்போது ஐயா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

ரசம் நன்றாகவே வந்திருந்ததாம், குடித்தவர்கள் சொன்னார்கள். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆண்கள் கையிலும் ரசம் நன்றாக வரும். அதை நான் எப்போது மறுத்தேன்?

உன் சிபாரிசு இனி வராது. தெரிந்தேதான் எழுந்தேன். அதற்காக வருத்தப்படுகிறேன், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டார்கள்.

விஜி

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் நீ கடிதமே எழுது. போனில் நீ இவ்வளவு ஒழுங்காகப் பேச மாட்டாய்.


மதுரை
20 மே 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை விடுதியில் சத்தமாக வாசித்தேன். ஐயா சுவரைப் பிடித்த இடத்தில் என் அறைத்தோழி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் தடவை கேட்காமல் வாசித்தது அவள் ஒருத்தியிடம்தான்.

நேற்று குருப்பட்ட நேர்காணலுக்குப் போய் வந்தேன். சிபாரிசு இல்லாத விண்ணப்பம் என்றாலும் பேருக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், அதில் ஒரே ஒரு அம்மா. என் ஆண்டுமலர்க் கட்டுரையும், கமிட்டி அனுப்பிவைத்த, நான் மறுத்து எழுதின காகிதமும் அவர்கள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "இதில் எது உண்மை?" என்று கேட்டார்கள். "கட்டுரை உண்மை. காகிதம் நான் பயந்து எழுதிய பொய்" என்றேன். "பயந்து பொய் எழுதுகிறவர் சபையை எப்படி நடத்துவார்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. "அந்தப் பொய்யைச் சபையில் ஒருத்தி எழுந்து நின்று திருத்தினாள், மற்றப் பெண்கள் அவளுக்காக எழுந்திருக்காமல் இருந்தார்கள். அப்படிப்பட்ட சபையிலிருந்து வருகிறேன்" என்றேன். அந்த அம்மா மட்டும் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் இதே வாயோடுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறினபிறகுதான் அழுதேன். இதையும் மறைக்கவில்லை.

இப்போது கேட்கிறேன், உட்கார்ந்து நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். கட்டுரையைத் திருப்பி எழுத விரும்புகிறேன். பெரிய வியாழனையும் சேர்த்து. எழுதலாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஷெரின்


வாய்க்கால்பட்டி
12 ஜூன் 2025

அன்புள்ள ஷெரினுக்கு,

நலம். நலமறிய ஆவல். இந்தத் தடவை நிஜமாகவே.

ஈஸ்டருக்கும் பெண்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த திருவிருந்துக்கும் இல்லை. ஐயா கெட்டிக்காரர், அதன்பிறகு கிண்ணத்தில் ஆண்களுக்கு மட்டும் அளந்து ஊற்றினார். ஆனால் சபையில் பாதிக்குமேல் நாங்கள்தானே. காலிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எத்தனை ஞாயிறு எங்கள் முகத்தைப் பார்ப்பார்? பெந்தெகொஸ்தே பண்டிகையன்று, "சகோதரிகள் எல்லாரும் வரலாம்" என்றார். அந்த 'எல்லாரும்' என்பதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சோணையம்மாளைக் கைத்தாங்கலாக நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

பரணி இன்னும் செல்லப்பாண்டி அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது. இருக்கட்டும். குமுளியிலிருந்து உன் அண்ணன் எனக்குப் புதுசு ஒன்று வாங்கி வந்தார். வாங்கி வந்து முற்றத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றை இன்னொரு கரண்டி அள்ளி வைத்தேன்.

உன் கேள்விக்குப் பதில். எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, நான் வாசித்து அடிக்க வேண்டியதை அடித்து அனுப்புவேன். அதற்குப் பிறகுதான் அச்சு. சோணையம்மாளிடமும் கேட்டேன், 'என்னயப் பத்தியும் போடச் சொல்லு, ஆனா ரொம்ப வயசானவன்னு எழுதக் கூடாது' என்கிறார்கள்.

இதோடு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். மதுரைக்குப் போகிற ஆளிடம் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன். புதுப் பரணியில் போட்ட முதல் ரசம். அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, நீ முதல் தடவை கிண்ணத்தைத் தூக்குகிற அன்றைக்கு இதைத்தான் ஊற்ற வேண்டும். அதுவரை திறக்காதே. பழசாகப் பழசாகத்தான் அது நன்றாக இருக்கும்.

இதைப் பிழிந்த அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். இதையும் எழுதிக்கொள்.

இனி வி. என்று மட்டும் எழுதாதே. ஞானஸ்நானத்தில் வைத்த பேரும் வேண்டாம். ஜெயமங்கலத்தில் எங்கள் அப்பா வைத்த பேரையே முழுசாகப் போடு.

விஜயலட்சுமி